தீர்ப்புகளைத் தமிழாக்கிய முன்சீப்

மாயூரம் வேதநாயகம் பிள்ளையைத் தமிழின் முதல் நாவலாசிரியராகவே நாம் போற்றி வருகிறோம். 1879இல் பிரதாப முதலியார் சரித்திரம் வெளிவருவதற்குப் பதினேழாண்டுகள் முன்னரே அவர் ஆற்றிய அரும்பணி ஒன்றுண்டு. இலக்கிய வரலாறுகள் அதனை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

1826இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தவர் அவர். நீதிமன்ற ஆவணக் காப்பாளராய்ப் புகுந்து, மொழிபெயர்ப்பாளராகிப் பின்னர் மாவட்ட முன்சீபாக உயர்ந்தார். மேல்மன்றமாகிய சென்னை சதர் அதாலத்தின் தீர்ப்புகளே கீழ்மன்றங்களுக்கு வழிகாட்டி. அவையோ ஆங்கிலத்தில் இருந்தன. நிலத்திற்கும் பாகத்திற்கும் வழக்காட வந்த குடியானவர், தம்மைக் கட்டுப்படுத்தும் சட்டம் இன்னதென அறியாமலே வென்றார், அறியாமலே தோற்றார். வேதநாயகர் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கி, 1862இல் சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரில் அச்சிட்டார். வக்கீல், தாவா, ஜாமீன், அமீனா என அயற்சொற்கள் மலிந்த மன்றத்தமிழில் இது எளிய காரியமன்று. கவிஞராயிருந்தமையே அவருக்குக் கைகொடுத்தது என்பது என் துணிபு.

கைக்கூலியை 1859இலேயே நீதிநூலில் செய்யுளாற் சாடியவர் அவர். தமிழ்க் கட்சிக்காரரை நிறுத்திவைத்துத் தமிழ் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதிடும் விந்தையை நாவலிலும் கடிந்துரைத்தார். 1889இல் மறையும்வரை அவ்வழக்கம் மாறவில்லை.