டானியல் ஓகானல்

ஒரு நாட்டிற் சிறுபான்மையோராய் வாழும் மக்கட்கு நீதி எங்ஙனம் கிட்டும்? சட்டம் இயற்றும் மன்றத்தில் அவர்கட்கு இடமில்லை. இடம் பெறவேண்டுமெனினோ அம்மன்றமே சட்டம் இயற்றுதல் வேண்டும். இச்சிக்கலை வாளெடாமல் அவிழ்த்தவர் அயர்லாந்து நாட்டு டானியல் ஓகானல் என்னும் பெரியார்.

இவர் 1775-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் கெர்ரி மாவட்டத்திற் கத்தோலிக்கக் குடியொன்றிற் பிறந்தார். கல்வியின்பொருட்டுப் பிரான்சு சென்றவர், ஆண்டு நிகழ்ந்த புரட்சியின் கொடுமை கண்டு 1793-இல் நீங்கினார். குருதி சிந்திப் பெறும் உரிமையில் அவர்க்கு வெறுப்புண்டாயிற்று. 1798-இல் வழக்கறிஞரானார். வாதத் திறமையில் எவர்க்கும் இளைக்காதவராயினும், கத்தோலிக்கராதலின் நீதிபதியாகும் வழி அவர்க்கு அடைபட்டிருந்தது.

1801-இல் அயர்லாந்து பிரிட்டனோடு இணைக்கப்பட்டது. தம் நாட்டிற் பெருந்தொகையினரான கத்தோலிக்கர், இணைந்த இராச்சியத்திற் சிறுபான்மையோராயினர். பார்லிமெண்டில் அமருமுன் உறுப்பினர் கத்தோலிக்க வழிபாட்டைப் பழித்து ஆணையிடல் வேண்டும் என்பது அன்றைய சட்டம். கிறிஸ்துவின் பெயர் தரித்தோர் கிறிஸ்துவின் பெயர் தரித்தோர்க்கே இழைத்த அநீதி இது.

ஓகானல் குற்றமற்றவரல்லர். 1815-இல் துவந்த யுத்தம் ஒன்றில் எதிரியைச் சுட்டுக் கொன்றார். அப்பழி அவர் நெஞ்சை வாழ்நாள் முழுதும் வருத்திற்று. இறந்தவரின் மகளுக்கு ஆண்டுதோறும் பொருளுதவி வந்தார். பின் எவருடனும் அங்ஙனம் பொருதிலர்.

1823-இல் அவர் கத்தோலிக்கச் சங்கத்தை நிறுவினார். அடுத்த ஆண்டு, மாதம் ஒரு பென்னி கொடுப்பாரும் அதிற் சேரலாம் என வகுத்தார். குருமார் துணைபுரிந்தனர், உழவரும் கூலியாளரும் கோயில் வாயிலிற் காசளித்தனர். சிறு துளி பெருவெள்ளமாயிற்று. ஏழைகளின் வழக்கு நடத்தவும் விண்ணப்பங்கள் விடுக்கவும் அந்நிதி பயன்பட்டது. 1825-இல் அரசினர் சங்கத்தைச் சட்டத்தால் அடக்கினர். ஓகானல் சட்டத்திற்கு மாறுபடாத வகையிற் புதுச் சங்கம் அமைத்தார்.

மன்றத்தினுள்ளும் நல்லோர் இருந்தனர். புரோட்டஸ்டண்டு உறுப்பினர் பலர் கத்தோலிக்கர்க்காகப் பரிந்து பேசினர். 1821-இலும் 1825-இலும் மக்கள் சபை உரிமை மசோதாக்களை நிறைவேற்றிற்று. பிரபுக்கள் சபை அவற்றைத் தள்ளிற்று. வெளியே எழுந்த மக்களின் குரலும் உள்ளே இருந்த நண்பரின் வாக்கும் ஒன்றையொன்று வேண்டி நின்றன.

1828-இல் கிளேர் மாவட்டத் தேர்தலில் ஓகானல் தாமே நின்றார். நிலக்கிழாரின் சினத்திற்கு அஞ்சாது எளிய குடியானவர் அவர்க்கு வாக்களித்தனர். அவர்க்கு 2,057 வாக்கும் எதிரிக்கு 982 வாக்கும் கிடைத்தன. உள்நாட்டுக் கலகம் விளையுமென அஞ்சிய முதன்மந்திரி வெல்லிங்டன், 1829 ஏப்ரலில் கத்தோலிக்க விடுதலைச் சட்டத்தை நிறைவேற்றுவித்தார்.

ஆயினும் அவ்வெற்றிக்கு விலையுண்டு. 40 ஷில்லிங்கு மதிப்புள்ள நிலமுடையார்க்கு இருந்த வாக்குரிமை உடன் பறிக்கப்பட்டது. 10 பவுன் வேண்டுமென வரையறுக்கப்பட்டது. எவர் வாக்கால் வாயில் திறந்ததோ, அவரே வாக்கிழந்தனர். ஓகானல் இதனைத் தடுக்க இயலாது இணங்கினார். அவர் வரலாற்றில் இஃதோர் ஆறாப் புண்.

சட்டத்திற்கு முன் தேர்ந்தெடுக்கப்பட்டவராதலின் பழைய ஆணையையே இடுமாறு அவரை மன்றம் பணித்தது. அவர் மறுத்து வெளியேறி, மீண்டும் கிளேரில் நின்று, எதிர்ப்பின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1830-இல் இருக்கை பெற்றார்.

தாம் ஏறிய ஏணியை அவர் தள்ளிவிடவில்லை. யூதர்க்கும் அம்மன்றிற் சம உரிமை வேண்டுமென வாதித்தார். நீக்ரோ அடிமைகளின் விடுதலைக்காகவும் முழங்கினார். 1847-இல், பஞ்சத்தால் மடியும் தம் மக்கட்கு உதவி வேண்டி மன்றத்தில் இறுதியாகப் பேசினார். அவ்வாண்டு மே 15-ஆம் நாள், உரோமாபுரிக்குச் செல்லும் வழியில் ஜெனோவா நகரில் உயிர் நீத்தார். யூதர் பார்லிமெண்டில் அமரும் உரிமை பெற்றது 1858-இல். அதனைக் காண அவர் இலர்.

ஏழையின் பென்னியும் மன்றத்தின் சட்டமும் கூடிய இடத்தே நீதி பிறந்தது. அந்நீதியிற் பங்கிழந்த ஏழையை மறவாதிருத்தல், அவ்வரலாற்றைக் கற்கும் நம் கடனாம்.