அதியமான் நெடுமான் அஞ்சி

இக்காலத்தில் தருமபுரி என வழங்கும் நகர் சங்ககாலத்தில் தகடூர் என்னும் பெயரோடு விளங்கிற்று. அதனைத் தலைநகராகக் கொண்டு ஆண்டோர் அதியர் குடியினர். கரும்பைத் தமிழகத்திற்கு முதன்முதல் கொணர்ந்தோர் இக்குடியின் முன்னோரே என்று புறநானூற்றால் அறிகின்றோம். இக்குடியிற் பிறந்து பெரும்புகழ் எய்தியவன் அதியமான் நெடுமான் அஞ்சி. அவன் குதிரைமலைக்குத் தலைவன். கடையெழு வள்ளல்களுள் ஒருவன்.

அசோகப் பேரரசன் அயல்நாடுகளிலும் மக்கட்கும் விலங்குகட்கும் மருத்துவ ஏற்பாடு செய்த செய்தியைத் தன் கல்வெட்டில் கூறுமிடத்து, சோழ பாண்டியரோடு சதியபுதர் என்பாரையும் குறித்தான். அவர் யாவர் என்பது நெடுங்காலம் ஆராய்ச்சிக்குரியதாகவே இருந்தது. 1981ஆம் ஆண்டில் திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் கண்டறியப்பெற்ற தமிழ்க் கல்வெட்டொன்று, குகை உறைவிடம் ஈந்த நெடுமான் அஞ்சியைச் சதியபுதன் எனக் குறிப்பதால் அவ்வையம் நீங்கிற்று.

மூவேந்தர்க்கு நடுவே சிறுநாடு ஒன்றனை ஆளுதல் எளிதன்று. ஒரு வேந்தனுக்குப் படைத்துணையானால் மற்றொருவனுக்குப் பகையாதல் வேண்டும். துணையின்றி நின்றாலோ எவரும் படையெடுத்து வரலாம். அஞ்சி தன்மேல் ஒருங்கு திரண்டு வந்த எழுவரைப் பொருது புறங்கண்டவன். ஆயினும், போரொன்றே அரசியல் என்று அவன் எண்ணினானல்லன்.

அவன் ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்த வரலாற்றை மாணவர் யாவரும் அறிவர். அவரைத் தூது போக்கிய வரலாறு அதனினும் பெரிது. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமானுக்கும் அஞ்சிக்கும் பகை மூண்டபோது, அஞ்சி ஔவையாரையே தூதராகத் தேர்ந்தான். புலவர்க்கு எவ்வரசன் வாயிலும் அடையாதது உண்மை. எனினும் அப்பணி அச்சமற்றதன்று. இளந்தத்தன் என்னும் புலவரை ஒற்றர் என ஐயுற்றுச் சோழன் நெடுங்கிள்ளி கொல்லப் புக்கதும், கோவூர்கிழார் இடைபுகுந்து அவரைக் காத்ததும் அக்காலத்து நிகழ்ச்சிகளே.

தொண்டைமான் தன் படைப்பெருமையைக் காட்டக் கருதி, ஔவையாரைப் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்றான். ஆங்கு வேல்கள் பீலி சூட்டி, மாலை அணிந்து, நெய் பூசப்பெற்று, காவலுள் அழகுற விளங்கின. ஔவையார் அவற்றைப் புகழ்வார் போன்றே பேசினார். அஞ்சியின் வேல்களோ நுனி முரிந்து கொல்லன் உலைக்களத்திற் கிடக்கின்றன என்றார். எவர் படை போரிற் பழகியது என்பதைத் தொண்டைமான் தானே உணருமாறு விட்டுவிட்டார். அச்சுறுத்தலும் இல்லை, இரத்தலும் இல்லை. அதனாற் போர் தவிர்ந்தது என்பர்.

இத்தகைய தூது எல்லாவிடத்தும் வாய்க்கவில்லை. பெண்ணையாற்றங்கரையிலுள்ள திருக்கோவலூரை மலையமான் திருமுடிக்காரி ஆண்டுவந்தான். அவன் பேராற்றல் படைத்தவன். அவன் துணையை மூவேந்தரும் நாடுவர். அஞ்சி கோவலூரை வென்றான். பரணர் அவ்வெற்றியைப் பாடினார். காரியோ சேரர் பக்கம் சார்ந்தான். கொல்லிமலைத் தலைவன் ஓரியைக் கொன்று அம்மலையைச் சேரர்க்கு அளித்தவன் அவனே. கொல்லி சேரர் கைப்பட்டபின் தகடூருக்கு இடர் அணுகிற்று.

அஞ்சி அப்பொழுது சோழனையும் பாண்டியனையும் துணைக்கொண்டான். மூவர் படையும் ஒன்றுகூடின. ஆயினும் கொல்லிக் கூற்றத்து நீர்கூரில் நிகழ்ந்த போரிற் பெருஞ்சேரல் இரும்பொறை அம்மூவரையும் ஒருசேர வென்று, முரசும் குடையும் கவர்ந்தான் என்று பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் கூறும். தோற்ற பேரரசர்க்குத் திரும்பிச் செல்லத் தத்தம் நாடு இருந்தது. போர் வந்து நின்ற இடம் தகடூரே. கோட்டை வீழ்ந்தது. மார்பில் வேல் பாய அஞ்சி மாண்டான்.

வென்றவன் கொடியவன் என்று கொள்ளற்க. தன் முரசு கட்டிலில் அறியாது துயின்ற மோசிகீரனாரைத் தண்டியாது, விசிறி கொண்டு வீசியவனும் இப்பெருஞ்சேரல் இரும்பொறையே. அவனைப் பாடிய அரிசில் கிழாருக்கு ஒன்பது நூறாயிரம் காணத்தோடு அரசு கட்டிலையே அளித்தான். அவரோ அதனை அவனே ஆளுமாறு வேண்டி, அமைச்சுப் பூண்டார்.

அந்த அரிசில் கிழாரே, தகடூர்ப் போரில் வீழ்ந்த எழினி என்னும் அதியர் தலைவனுக்காகக் கண்ணீர் வடித்தார். அவன் காத்த நாட்டில் ஆனிரைகள் காவலின்றிக் காட்டில் தங்கின என்றும், நெற்குவியல்கள் அச்சமின்றிக் களத்திற் கிடந்தன என்றும் பாடினார். அவனுயிரைக் கவர்ந்த கூற்றுவன், வித்தையே உண்டுவிட்ட உழவனை ஒத்தான் என்று வருந்தினார். ஔவையாரோ, பரிசிலர் தம் கலங்களையும் சுற்றத்தார் தம் கண்களையும் துளைத்தது அவ்வேல் என்னும் பொருள்படக் கையறுநிலை பாடினார். இப்போரைப் பற்றித் தகடூர் யாத்திரை என்றொரு நூலும் எழுந்தது. அதன் பாடல்களுட் சிலவே எஞ்சியுள்ளன.