பள்ளி செல்லாத கல்வியமைச்சர்

விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் கல்வியமைச்சரான மௌலானா அபுல் கலாம் ஆசாத், எந்தப் பள்ளியிலும் பயின்றவரல்லர். கல்லூரிப் பட்டம் பெற்றவருமல்லர். எனினும், பத்தாண்டுகளுக்கும் மேலாக நாட்டின் கல்விப் பொறுப்பைத் தாங்கி, இன்றும் நிலைத்து நிற்கும் நிறுவனங்களுக்கு அடித்தளமிட்டார். அரிதின் முயன்று கற்ற அவர், கல்வி சிலருக்கு மட்டும் வாய்க்கும் பேறாக இருத்தல் கூடாது. அது பிறப்புரிமையாக எல்லார்க்கும் கிடைக்க வேண்டும் என்று கருதினார்.

தேடிக் கற்ற இளமை

ஆசாத் 1888ஆம் ஆண்டு நவம்பர் 11 அன்று மெக்காவில் பிறந்தார். இயற்பெயர் முகையதீன் அகமது. தந்தை கைருத்தீன் சமய அறிஞர். தாய் அரபு நாட்டவர். ஆசாத் குழந்தையாக இருந்தபோதே குடும்பம் கல்கத்தாவில் குடியேறியது. புதுமுறைக் கல்வி சமயப்பற்றைக் குலைத்துவிடும் என்று எண்ணிய தந்தை, மகனை வீட்டிலேயே பயிற்றுவித்தார். பதினாறு வயதிற்குள் மரபுவழிக் கல்வியை நிறைவு செய்த ஆசாத், தத்துவத்தையும் கணிதத்தையும் பிறருக்குக் கற்பிக்கும் நிலையை எய்தினார்.

எனினும், கற்றது போதும் என்று அவர் அமையவில்லை. சர் சையது அகமது கானின் நூல்கள், புதிய அறிவியலையும் கற்க வேண்டும் என்னும் வேட்கையை அவருள் எழுப்பின. ஆங்கில எழுத்துகளை ஒருவரிடம் கற்றறிந்தபின், விவிலியத்தின் ஆங்கில, பாரசீக, உருது மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டும், அகராதியின் துணையோடு செய்தித்தாள்களைப் படித்தும் அம்மொழியைத் தம் முயற்சியால் கைவரப் பெற்றார். மரபாக வந்த நம்பிக்கைகளை ஆராயாமல் ஏற்கும் நிலையிலிருந்து விடுபட்டதன் அடையாளமாக, 'ஆசாத்' என்னும் புனைபெயரை ஏற்றார். விடுதலை பெற்றவர் என்பது அதன் பொருள்.

எழுத்தும் சிறையும்

1912இல் கல்கத்தாவில் 'அல் ஹிலால்' என்னும் உருது வார இதழைத் தொடங்கினார். இந்துக்களும் முஸ்லிம்களும் இணைந்து விடுதலைக்குப் போராட வேண்டும் என்று அவ்விதழ் வற்புறுத்தியது. அதன் செல்வாக்கைக் கண்ட ஆங்கில அரசு, அதன் பிணைத்தொகையைப் பறிமுதல் செய்து இதழை முடக்கியது. 1916இல் வங்காளத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஆசாத், ராஞ்சியில் காவலில் வைக்கப்பட்டார். அங்கும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. கல்விக்கூடம் ஒன்று உருவாக வழிவகுத்தார். 1920இல் விடுதலையானதும் காந்தியடிகளுடன் இணைந்து ஒத்துழையாமை இயக்கத்தில் ஈடுபட்டார். 1923இல் தில்லியில் கூடிய சிறப்பு மாநாட்டில், முப்பத்து நான்கு வயதிலேயே காங்கிரசின் தலைவரானார்.

1940 முதல் 1946 வரை மீண்டும் அப்பொறுப்பை வகித்தார். 1942இல் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் அவரது தலைமையில் நிறைவேறியது. மறுநாளே கைதாகி, நேரு, பட்டேல் முதலியோருடன் அகமதுநகர்க் கோட்டையில் அடைக்கப்பட்டார். அங்கிருந்தபோது, கல்கத்தாவில் மனைவி ஜுலைகா கடும் நோயுற்ற செய்தி வந்தது. அரசுக்கு விண்ணப்பிக்க விரும்பினால் உடனே அனுப்பிவைப்பதாகச் சிறை அதிகாரி கூறினார். எவ்வேண்டுகோளும் விடுக்க ஆசாத் இசையவில்லை. 1943 ஏப்ரலில் ஜுலைகா மறைந்தார். விடுதலையாகி ஊர் திரும்பியபோது, மனைவியின் அடக்கவிடத்தையே அவரால் காண முடிந்தது. நண்பருக்கு எழுதி, அஞ்சலில் சேர்க்க இயலாது போன அவரது சிறைக் கடிதங்கள், பின்னர் 'குபார்-இ-காதிர்' என்னும் நூலாக வெளிவந்தன.

பிரிவினையும் கல்விப் பணியும்

சமயத்தின் பெயரால் நாடு பிளவுபடுவதை ஆசாத் இறுதிவரை எதிர்த்தார். ஆயினும் 1947இல் பிரிவினை நிகழ்ந்தது. கலவரத்திற்கு அஞ்சிப் பலர் தில்லியை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த அவ்வாண்டு அக்டோபரில், ஜும்மா பள்ளிவாசலில் உரையாற்றினார். இந்நாடு அவர்களுக்கும் உரியது என்பதை நினைவூட்டி, அச்சம் தவிர்த்து இங்கேயே வாழுமாறு வேண்டினார்.

உடைந்த உறவுகளைச் சீர்செய்யும் வழியாக அவர் கல்வியைக் கண்டார். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினெட்டுப் பேரே எழுத்தறிந்திருந்தனர். பதினான்கு வயது வரை கட்டணமில்லாக் கட்டாயக் கல்வி, முதியோர் கல்வி, பெண்கல்வி ஆகியவற்றை ஆசாத் வலியுறுத்தினார். உயர்கல்வியை ஆராய 1948இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையிலும், இடைநிலைக் கல்வியை ஆராய 1952இல் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலும் குழுக்கள் அமைந்தன.

1951இல் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் காரக்பூரில் தொடங்கப்பட்டது. விடுதலை வீரர்களை ஆங்கில அரசு அடைத்து வைத்திருந்த ஹிஜ்லி தடுப்பு முகாமே அதன் முதற் கட்டடமாயிற்று. சிறையிலும் காவலிலும் பல்லாண்டுகள் கழித்த ஒருவர் கல்வியமைச்சராக இருந்த காலத்தில், சிறைக்கூடம் ஒன்று கல்விக்கூடமாக மாறியது. 1953இல் பல்கலைக்கழக மானியக் குழுவை ஆசாத் தொடங்கி வைத்தார். சங்கீத நாடக அகாதெமி, சாகித்திய அகாதெமி, லலித் கலா அகாதெமி ஆகியனவும் அவர் காலத்திலேயே தோன்றின.

1958 பிப்ரவரி 22 அன்று, அமைச்சராகப் பணியாற்றிக்கொண்டிருந்தபோதே ஆசாத் மறைந்தார். தில்லி ஜும்மா பள்ளிவாசலுக்கு அருகில் அவரது உடல் நல்லடக்கம் செய்யப்பட்டது. 1992இல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பெற்றது. குழந்தைகள் அனைவருக்கும் கட்டாயக் கல்வி என்னும் அவரது கனவு அவர் வாழ்நாளில் நிறைவேறவில்லை. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழியே ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கு அது செயலுரிமை பெற்றது. அவர் பிறந்த நவம்பர் 11, தேசியக் கல்வி நாளாக ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது.