செபஸ்தியான் கினைப்

செபஸ்தியான் கினைப் (மே 17, 1821 - ஜூன் 17, 1897) ஜெர்மனியின் பவேரியாப் பகுதியைச் சேர்ந்த கத்தோலிக்க குரு ஆவார். நீர்ச் சிகிச்சையையும் மூலிகை மருத்துவத்தையும் ஒன்றிணைத்து இவர் வகுத்த முறை கினைப் மருத்துவம் எனப்படுகிறது. உடல், உள்ளம், ஆன்மா ஆகிய மூன்றையும் சேர்த்தே நலம் பேணவேண்டும் என்பது இவரது கொள்கை. ஐரோப்பிய இயற்கை மருத்துவத்தின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார்.

இளமைக்காலம்

ஒட்டோபாய்ரன் நகருக்கு அருகிலுள்ள ஸ்டெபான்ஸ்ரீட் என்னும் சிற்றூரில் ஏழை நெசவாளர் குடும்பத்தில் கினைப் பிறந்தார். சிறுவயதிலேயே தறியில் நெய்தார். பண்ணைகளில் கூலி வேலையும் செய்தார். குருவாகவேண்டும் என்பது இவரது விருப்பம். அதற்கெனச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் வீடு தீப்பற்றியபோது அழிந்தது. பின்னர் மெர்க்கிள் என்ற உறவினரான குரு இவருக்கு இலத்தீன் கற்பித்துப் படிப்புக்கு வழிசெய்தார். உடன் பயின்றவர்களைவிட வயதில் மிக மூத்த மாணவராகவே இவர் டில்லிங்கன் நகரில் கல்வியைத் தொடர்ந்தார்.

நோயும் நீர்ச் சிகிச்சையும்

மாணவராக இருந்தபோது இவரைக் காசநோய் பற்றியது. அக்காலத்தில் அந்நோய்க்கு மருந்து இல்லை. நோயுற்றிருந்த நாட்களில், 18ஆம் நூற்றாண்டு மருத்துவரான யோகான் சீக்மண்ட் ஹான் குளிர்நீரின் பயன் குறித்து எழுதிய நூல் இவருக்குக் கிடைத்தது. 1849இல் குளிர்காலத்தில் டான்யூப் ஆற்றில் சில கணங்கள் மூழ்கி எழுந்து, உடனே விரைந்து நடந்து உடலைச் சூடாக்கிக் கொள்ளும் பழக்கத்தை மேற்கொண்டார். உடல்நிலை படிப்படியாகத் தேறியது. 1852இல் ஆக்ஸ்பர்க் நகரில் குருப்பட்டம் பெற்றார்.

குருப்பணியும் எதிர்ப்பும்

1854இல் போஸ் என்னும் ஊரில் காலரா பரவியபோது நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்ததால் காலரா குரு என்று அழைக்கப்பட்டார். 1855இல் வோரிஸ்ஹோபன் ஊரிலிருந்த தொமினிக்கன் கன்னியர் மடத்திற்கு ஆன்ம குருவாக அனுப்பப்பட்டார். அங்கு வேளாண்மையையும் தேனீ வளர்ப்பையும் மேம்படுத்தினார். 1881இல் அவ்வூரின் பங்குக் குருவானார்.

மருத்துவம் பயிலாதவர் நோயாளிகளைப் பார்க்கிறார் என்று மருத்துவர்களும் மருந்து வணிகர்களும் இவர்மீது புகார் அளித்தனர். ஆயினும் நாடிவந்த ஏழைகளை இவர் திருப்பி அனுப்பவில்லை. துன்புறுவோருக்கு உதவுவது குருவின் கடமை என்று கருதினார்.

சிகிச்சை முறை

1886இல் வெளியான எனது நீர்ச் சிகிச்சை என்ற நூல் இவருக்குப் பெரும்புகழ் தந்தது. நீரின் பயன்பாடு, வீட்டு மருந்துகள், நோய்கள் என அது மூன்று பகுதிகளைக் கொண்டது. 1889இல் நீங்கள் இவ்வாறு வாழவேண்டும் என்ற நூலை வெளியிட்டார்.

உடலின் ஒரு பகுதியில் நீரை ஊற்றுதல், ஈரத்துணி சுற்றுதல், ஈரப் புல்லில் வெறுங்காலுடன் நடத்தல் ஆகியன இவரது முறைகளுட் சில. தொடக்கத்தில் கடுமையாக இருந்த சிகிச்சையை, அனுபவம் வளர வளர மென்மையாக்கினார். மூலிகைகளில் நச்சுத்தன்மை அற்றவற்றையே விரும்பினார். சீமைச் சாமந்தி, பெருஞ்சீரகம், கற்றாழை போன்றவற்றுடன் தமிழர் சமையலறைகளில் உள்ள வெந்தயத்தையும் இவர் பயன்படுத்தினார்.

பல நோயாளிகளின் உள்ளத்தில் அமைதி ஏற்பட்ட பின்னரே உடல்நோயும் தணிந்ததை இவர் கண்டார். எனவே செபமும் ஒழுங்கான வாழ்வும் சிகிச்சையின் பகுதிகளாயின. எனினும் செபம் செய்தால் மருந்து வேண்டாம் என்று இவர் போதிக்கவில்லை. நீரும் மூலிகையும் இறைவனின் கொடைகள் என்பதே இவரது நம்பிக்கை. நீர், மூலிகை, உணவு, உடலியக்கம், வாழ்க்கை ஒழுங்கு என இம்முறையை ஐந்து தூண்களாக வகைப்படுத்தியவர்கள் பிற்காலத்தவர்கள்.

மருத்துவர்களுடன் இணக்கம்

காலப்போக்கில் சில மருத்துவர்கள் வோரிஸ்ஹோபன் வந்து இவருடன் பணியாற்றினர். இம்முறையைப் பின்பற்றிய மருத்துவர்களின் சங்கம் 1894இல் அமைந்தது. 1891இல் செபஸ்தியானேயும் என்ற சிகிச்சை இல்லமும், 1893இல் குழந்தைகள் இல்லமும் திறக்கப்பட்டன. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ இவருக்கு மொன்சிஞ்ஞோர் பட்டம் வழங்கினார்.

மறைவும் தாக்கமும்

வயிற்றுப் பகுதியில் ஏற்பட்ட கட்டியால் நோயுற்று, 1897இல் வோரிஸ்ஹோபனில் காலமானார். இவரது சிகிச்சை பெற்ற பெனடிக்ட் லஸ்ட் 1896இல் அமெரிக்கா சென்று அங்கு இயற்கை மருத்துவத்தைப் பரப்பினார். வோரிஸ்ஹோபன் 1920இல் நீராடல் நகரம் என்பதைக் குறிக்கும் பாட் என்ற அடைமொழியைப் பெற்றது. 2015இல் கினைப் முறை ஜெர்மனியின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

மதிப்பீடு

காசநோய்க் கிருமியை இராபர்ட் கோக் 1882இல் அறிவித்தார். அதைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் கண்டறியப்பட்டது. ஆதலால் கினைப் நலமடைந்ததைக் கொண்டு குளிர்நீர் காசநோயைக் குணப்படுத்தும் என்று கொள்ளலாகாது. அந்நோய் சில வேளைகளில் தானாகவே தணிவதுண்டு. இன்று காசநோய்க்குக் கூட்டு மருந்துகளும், காலராவுக்கு உடலிழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்தலுமே உயிர்காக்கும் சிகிச்சைகள். மறுபுறம் எளிய உணவு, உடலியக்கம், மன அமைதி ஆகியவற்றுக்கு இவர் அளித்த முதன்மை இன்றைய மருத்துவத்திற்கும் ஏற்புடையதே. நோயை மட்டுமன்றி நோயாளியையும் பார்க்கவேண்டும் என்ற எண்ணத்தைப் பாமரரிடம் கொண்டு சேர்த்ததே இவரது நிலைத்த பங்களிப்பாகும்.