சுண்டெலிக் கூண்டில் பாடம் படித்த பேரறிஞர் ஹால்டேன்

எலி என்றாலே நம்மில் பலர் முகம் சுளிப்போம். செஞ்சிக் கோட்டையின் அடிவாரத்தில் கம்பீரமாக நிற்கும் நெற்களஞ்சியத்தைக் காணும்போது, எலிக்கும் மனிதனுக்கும் உள்ள பகை எத்தனை பழையது என்பது விளங்கும். ஆனால் அதே எலியைக் கூண்டில் வளர்த்து, அதன் நிறத்தையும் கண்ணையும் ஏட்டில் குறித்து, உயிர்களின் மரபு இரகசியத்தை அறிந்தோரும் உண்டு. அவர்களுள் ஒருவர் ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன். இங்கிலாந்தில் பிறந்து, நம் பாரத மண்ணில் உயிர் நீத்த அப்பெரியாரின் வாழ்க்கையை இவ்வாண்டு மலரில் நினைவுகூர விழைகிறோம்.

ஹால்டேன் 1892-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் ஆக்ஸ்போர்டு நகரில் பிறந்தார். தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் மூச்சு இயக்கத்தை ஆராய்ந்த புகழ்பெற்ற உடலியல் அறிஞர். மகனைச் சிறு வயதிலேயே நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அழைத்துச் செல்வார். ஒருமுறை, தீப்பற்றும் வாயு மேலே தேங்கியிருந்த சுரங்கப் பகுதியில் மகனை நிற்கவைத்து, ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் ஆண்டனியின் சொற்பொழிவை ஒப்பிக்கச் சொன்னார். சில வரிகளுக்குள் மூச்சு முட்டிச் சிறுவன் தரையில் விழுந்தான். கீழே நல்ல காற்று இருந்ததால் உடனே தெளிந்தான். அந்த வாயு காற்றைவிட இலேசானது என்பதை அவன் பின்னர் எந்நாளும் மறக்கவில்லை.

அவருக்கு நவோமி என்னும் தங்கை. குதிரையிலிருந்து விழுந்தபின் அவளுக்குக் குதிரையின் அருகில் செல்லவே இயலாமற் போயிற்று. அதனால் கினிப் பன்றிகளை வளர்க்கலானாள். வீட்டுப் புல்வெளியில் அவை ஏறத்தாழ 300 ஆகப் பெருகின. பெற்றோரின் நிறம் குட்டிகளுக்கு எவ்வாறு இறங்குகிறது என்று அண்ணனும் தங்கையும் கணக்கெடுக்கத் தொடங்கினர். அகுஸ்தீன் சபைத் துறவி கிரகர் மெண்டல், மடத்துத் தோட்டத்துப் பட்டாணிச் செடிகளில் கண்ட விதிகள் 1900-இல்தான் உலகிற்குத் தெரியவந்திருந்தன. அவ்விதிகள் விலங்குகளுக்கும் பொருந்துமா என்பதே அன்றைய கேள்வி.

பின்னர் அவர்கள் சுண்டெலிகளுக்கு மாறினர். மெண்டலின் பட்டாணியில் ஒவ்வொரு குணமும் தனித்தனியே இறங்கிற்று. சுண்டெலியிலோ, உடல் வெண்மையைத் தரும் மரபணுவும், கண் சிவப்பைத் தரும் மரபணுவும் பெரும்பாலும் சேர்ந்தே பயணம் செய்தன. இரண்டும் ஒரே குரோமோசோமில் அமர்ந்திருப்பதே காரணம். ஒரே மாட்டு வண்டியில் ஏறிய இருவர் ஒரே சந்தையில் இறங்குவது போன்றது இது. பாலூட்டிகளில் இத்தகைய பிணைப்பு மெய்ப்பிக்கப்பட்டது இதுவே முதல் முறை.

இதற்குள் முதல் உலகப்போர் மூண்டது. உடன் உழைத்த நண்பர் ஸ்ப்ரண்ட் 1915-இல் போர்க்களத்தில் மாண்டார். ஹால்டேனும் பிரான்சுப் போர்முனையில் இருந்தார். அவ்வாண்டே கட்டுரை வெளியாயிற்று. அதன் தலைப்பில் ஹால்டேன், ஸ்ப்ரண்ட் ஆகியோருடன் நவோமியின் பெயரும் இடம்பெற்றது. அப்போது அவருக்கு வயது பதினெட்டுதான்! பெண்ணுக்கு எதற்கு ஆராய்ச்சி என்று கேட்ட காலம் அது. நவோமி பிற்காலத்தில் பெயர்பெற்ற எழுத்தாளராகி, நூறாண்டு கடந்து வாழ்ந்து 1999-இல் மறைந்தார்.

ஹால்டேன் கல்லூரியில் கணிதமும் கிரேக்க, இலத்தீன் இலக்கியமும் தத்துவமும் பயின்றவர். அறிவியலில் பட்டம் எதுவும் பெற்றவரல்லர். ஆயினும் 1923-இல் கேம்பிரிட்ஜிலும், 1933 முதல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் ஆசிரியப் பணி ஆற்றினார். ஆபத்தான சோதனைகளைப் பிறர்மேல் செய்வதற்குமுன் தம் உடலிலேயே செய்துபார்ப்பார். 1939-இல் தீட்டிஸ் என்னும் நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் உயிரிழந்தபோது, உள்ளே அவர்கள் பட்ட பாட்டை அறிய, காற்றுப் புகாத அறையில் தம்மை அடைத்துக்கொண்டார்.

பால் குரோமோசோம்களைப் பற்றியும் அவர் ஆழ்ந்து சிந்தித்தார். பெண்ணின் உயிரணுக்களில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும், ஆணிடம் ஓர் எக்ஸும் ஒரு ஒய்யும் உள்ளன. தாய் எப்போதும் எக்ஸையே தருகிறாள். தந்தை தருவது எக்ஸானால் பெண் குழந்தை, ஒய்யானால் ஆண் குழந்தை. பெண் பிள்ளை பெற்றாள் என்று தாயைக் குறைகூறுவதில் எள்ளளவும் நியாயமில்லை என்பதை இங்கே பெற்றோர்கள் கவனிக்க வேண்டுகிறோம்.

இரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயும், நிறக்குருடும் எக்ஸ் குரோமோசோம் வழியே வருபவை. இவ்விரண்டும் சேர்ந்து இறங்குவதை 1937-இல் ஜூலியா பெல் அம்மையாருடன் ஹால்டேன் மெய்ப்பித்தார். சுண்டெலியில் கண்ட பிணைப்பை மனிதரிடத்தும் காட்டியது அக்கட்டுரை.

இங்கே ஒரு கேள்வி எழும். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்று என்றால், பெண் உடலில் அதன் வேலை இருமடங்காகாதோ? இதற்கு விடை கண்டவர் மேரி லயன் என்னும் ஆங்கிலப் பெண்மணி. அவர் கேம்பிரிட்ஜில் படித்த காலத்தில் பெண்களுக்கு ஆண்களைப் போல் முழுமையான பட்டம் வழங்குவதில்லை. அவரும் சுண்டெலியையே ஆசிரியராகக் கொண்டார். பெண் சுண்டெலிகள் சிலவற்றின் உரோமம் இரு நிறத் திட்டுகளாக இருந்தது. கரு மிகச் சிறியதாய் இருக்கும்போதே, ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸில் ஒன்று உறங்கிவிடுகிறது. எது உறங்கும் என்பதில் ஒழுங்கில்லை. ஆனால் அவ்வணுவின் வழியில் வரும் அணுக்களிலெல்லாம் அதே எக்ஸ்தான் உறங்கும் என்று 1961-இல் அவர் அறிவித்தார். நம் வீட்டுப் பூனைகளுள் கறுப்பும் செம்மஞ்சளும் திட்டுத்திட்டாய்க் கலந்தவை பெரும்பாலும் பெண்ணாகவே இருப்பதன் காரணமும் இதுவே. ஹீமோபிலியா மரபணுவைச் சுமக்கும் தாயின் உடலில் ஒரு பகுதி அணுக்கள் நல்ல எக்ஸைக் கொண்டு வேலை செய்வதால், பெரும்பாலான தாய்மார் பெருந்துன்பமின்றி வாழ்கின்றனர். உறக்கத்தைத் தூண்டும் மரபணு 1991-இல் கண்டறியப்பட்டது. மேரி லயன் 2014-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று தம் 89-ஆம் வயதில் மறைந்தார்.

ஹால்டேனிடம் குறைகளும் இருந்தன. முன்கோபி, எவருடனும் எளிதில் மோதுவார். பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்திருந்த அவர், சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவரால் மரபியல் அறிஞர்கள் ஒடுக்கப்பட்டபோது உரத்துக் கண்டிக்கத் தயங்கினார். 1928-இல் தம்மை அந்நாட்டிற்கு அழைத்து உபசரித்த வவிலோவ் 1943-இல் சிறையில் மாண்டும் அவர் வாய் திறக்கத் தாமதித்தார். கட்சிப் பற்று மேதையின் கண்ணையும் மறைக்கும் என்பதற்கு இது சான்று. பின்னர் அக்கட்சியை விட்டு விலகினார்.

முதல் உலகப்போரில் காயமுற்றுச் சிகிச்சைக்காக இந்தியாவில் தங்கியபோதே, இந்நாட்டவருடன் சமமாகப் பழகக்கூடிய காலத்தில் திரும்பி வரவேண்டும் என்று எண்ணியிருந்தார். 1957-இல் மனைவி ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிலையத்திற்கு வந்து சேர்ந்தார். கதர் ஜிப்பா அணிந்தார், புலால் மறுத்தார், குடியுரிமையும் பெற்றார். விலையுயர்ந்த கருவிகள் இல்லையே என்று ஏங்கிய மாணவர்களிடம், கண்ணும் குறிப்பேடும் பொறுமையும் போதும் என்று காட்டினார். அவர் ஊக்கத்தால் அந்தோணி டேவிஸ் தென்னை மரங்களில் மட்டைகள் இடப்பக்கமாகச் சுற்றுகின்றனவா, வலப்பக்கமாகவா என்று ஆயிரக்கணக்கில் எண்ணினார். துரோணம்ராஜு ஆந்திரத்தில் மாமனுக்கு அக்காள் மகளை மணமுடிக்கும் வழக்கத்தை ஆராய்ந்தார். நம் பக்கத்திலும் வழங்கும் வழக்கம் அது. நெருங்கிய உறவில், ஒரே முன்னோரிடமிருந்து வந்த மறைந்த குறை மரபணு இருவரிடமும் இருக்கக்கூடும். இரண்டும் ஒரு குழந்தையில் சந்தித்தால் நோய் வெளிப்படும். எல்லாக் குடும்பத்திலும் அவ்வாறு நேரும் என்பதில்லை. வாய்ப்பு கூடுகிறது என்பதே உண்மை. சொத்து வெளியே போகக்கூடாது என்று சிறு பெண்ணின் மணத்தை முடிவு செய்யும் முன், இதனையும் பெரியோர் எண்ணிப் பார்ப்பது நலம்.

1962-இல் புவனேசுவரத்தில் புதிய ஆய்வுக்கூடம் அமைத்தார். விரைவில் புற்றுநோய் தாக்கிற்று. அதனைக் கண்டு கலங்காமல், மக்கள் காலத்தே மருத்துவரிடம் செல்லவேண்டும் என்பதற்காக அந்நோயைப் பற்றி நகைச்சுவைக் கவிதை ஒன்று எழுதினார். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் உயிர் நீத்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு, மாணவர் பயிலும்பொருட்டு அளிக்கப்பட்டது. தம் உடலை வாழ்நாளெல்லாம் சோதனைக்குத் தந்தவர், மாண்ட பின்னும் தந்தார்.

அன்புத் தங்கைகளே! நவோமிக்கு ஆய்வுக்கூடம் இல்லை; புல்வெளியும் கூண்டும் குறிப்பேடுமே இருந்தன. நம் வீட்டுக் கோழிக்குஞ்சின் நிறத்தையும், ஆட்டுக்குட்டியின் கொம்பையும், வேலியோரப் பூவின் இதழையும் எண்ணி எழுத யார் தடுக்கிறார்கள்? பார்த்ததை உள்ளபடி எழுதுங்கள். ஏன் என்று கேளுங்கள். பெற்றோரே, அவர்கள் கேட்கும் கேள்விக்குச் செவி கொடுங்கள்.