இதயத்தை நிறுத்தி வைக்க ஒரு மெஷின்... யார் இந்த ஜான் கிப்பன்?

இதய ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சாச்சு, நாளைக்கு வார்டுக்கு மாத்திடுவாங்கன்னு வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். இரண்டாவது, மூன்றாவது நாளில் மானிட்டரில் துடிப்பு திடீரென்று தாறுமாறாக ஓடும். அதே நாள் ரத்தப் பரிசோதனையில் சிஆர்பி அளவு 100-ஐத் தாண்டி நிற்கும். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

பதிலுக்கு ஒரு மெஷினின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதை உருவாக்கியவர் ஜான் கிப்பன்.

1903-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், பரம்பரை டாக்டர் குடும்பத்தில் பிறந்தவர். மருத்துவப் படிப்பை விட்டுவிட்டு கவிஞர் ஆகலாமா என்றுகூட யோசித்தார். அப்பாதான் தடுத்தார்.

1930களின் தொடக்கத்தில் பாஸ்டனில் ஒரு பெண்ணுக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டது. ராத்திரி முழுக்க பக்கத்திலேயே இருந்து நாடி பார்த்தது இளம் கிப்பன்தான். கட்டியை வெளியே எடுத்தும் அந்தப் பெண் பிழைக்கவில்லை. ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றி, திரும்ப உள்ளே அனுப்ப முடிந்திருந்தால்? அந்த யோசனை அவரை விடவே இல்லை.

சீனியர்கள் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. கூட நின்றவர் மனைவி மேரி, லேப் டெக்னீஷியன். பரிசோதனைக்குத் தெருப்பூனைகள் வேண்டும் என்று, மீன் துண்டும் சாக்குமாக ராத்திரியில் தெருத்தெருவாக அலைந்தார் கிப்பன். 1935-ல் ஒரு பூனையை மெஷினின் உதவியால் மட்டுமே உயிரோடு வைத்தார்கள். நடுவில் உலகப்போர், ராணுவ சேவை. பிறகு ஐபிஎம் தலைவர் தாமஸ் வாட்சன் இன்ஜினியர்களைக் கொடுத்து உதவினார்.

1952-ல் ஆபரேஷன் செய்த முதல் குழந்தை இறந்தது. 1953 மே 6 அன்று 18 வயது செசிலியா பவோலெக்கின் இதயத்தில் இருந்த ஓட்டையை மூடினார். 26 நிமிடம் இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் மெஷினே பார்த்தது. செசிலியா 2000 வரை வாழ்ந்தார். ஆனால் அதே ஜூலையில் இரண்டு சிறுமிகள் இறந்தார்கள். அதோடு கிப்பன் அந்த ஆபரேஷனையே விட்டுவிட்டார். 20 வருஷ உழைப்பு! மெஷினை மேம்படுத்தித் தொடர்ந்தது மேயோ கிளினிக்கின் ஜான் கிர்க்லின் போன்றவர்கள்.

சரி, சிஆர்பிக்கு வருவோம். உடலில் எங்காவது அழற்சி வந்தால் கல்லீரல் உற்பத்தி செய்யும் புரதம் இது. 1930-ல், அதாவது கிப்பனுக்கு யோசனை வந்த அதே காலகட்டத்தில்தான், நியூயார்க்கில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் இதைக் கண்டுபிடித்தார்கள். மெஷினுக்குள் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் உதவியது. ஆனால் குழாயைத் தொட்ட ரத்தம் அதை அந்நியப் பொருளாகப் பார்த்துக் கொதித்தெழுவதை ஹெப்பாரினால் முழுசாக அடக்க முடியாது. மெஷின் மட்டும் காரணமில்லை. நெஞ்சைத் திறக்கும் காயமே போதும். சிஆர்பி இரண்டு, மூன்று நாளில் உச்சம் தொடும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு அதிகம் வருவதும் அதே நாட்களில்தான். மூன்றில் ஒருவருக்கு வரை வரலாம்.

1997-ல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுக் காட்டினார்கள். அப்போ அழற்சியை அடக்கினால் போதுமே? அவ்வளவு சுலபமில்லை. 2015-ல் வெளியான, 7,507 பேரிடம் நடந்த ஆய்வில் ஸ்டீராய்டு கொடுத்தும் இந்தப் பிரச்சினை குறையவில்லை. வயது, இதய அறையின் வீக்கம், பொட்டாசியம் அளவு எனப் பல காரணங்கள் சேருகின்றன.

தமிழ்நாட்டில் இதெல்லாம் ஆரம்பித்தது தண்டலம் வழியாகப் போகும் அதே பெங்களூரு நெடுஞ்சாலையில் இருக்கும் வேலூரில். 1949-ல் சிஎம்சியில் ரீவ் பெட்ஸ் நெஞ்சக அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1960களின் தொடக்கத்தில் அங்கே டாக்டர் என். கோபிநாத் ஓபன் ஹார்ட் சர்ஜரி செய்தார். இன்று தண்டலத்திலேயே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

கிப்பன் 1973-ல் டென்னிஸ் ஆடும்போது மாரடைப்பில் இறந்தார்.

வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் ஒன்று: இரண்டாம் நாள் சிஆர்பி எகிறுவது எதிர்பார்த்ததுதான். இறங்கிவிட்டு மறுபடி ஏறினால்தான் டாக்டர்கள் தொற்று இருக்கிறதா என்று தேடுவார்கள். தாறுமாறான துடிப்பு பெரும்பாலும் சில நாளில் அடங்கும். ஆனால் ரத்தக்கட்டி உருவாகி பக்கவாதம் வர வாய்ப்பு உண்டு. டிஸ்சார்ஜ் ஆன பிறகு படபடப்பு, மயக்கம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்க.