தன் இருதயத்துக்குள் குழாய் விட்ட டாக்டர்

1929-ம் ஆண்டு. ஜெர்மனியில், பெர்லினுக்கு அருகே எபர்ஸ்வால்டே என்ற ஊர். அங்குள்ள ஆஸ்பத்திரியில் வெர்னர் போர்ஸ்மன் என்ற இளம் டாக்டர் வேலை பார்த்தார்.

கையில் உள்ள ரத்தக்குழாய் வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டால் அது இருதயத்துக்கே போய்ச் சேரும். மருந்தை நேரே அங்கு செலுத்தலாம். இது அவர் எண்ணம். தலைமை டாக்டர் கூடவே கூடாது என்று தடுத்துவிட்டார்.

போர்ஸ்மன் விடவில்லை. கருவிகள் ஒரு நர்சின் பொறுப்பில் இருந்தன. அவரிடம் நயமாகப் பேசினார். அந்த அம்மாள், சோதனையைத் தன் மீதே செய்யச் சொன்னார். சரி என்று அவரை மேஜையில் படுக்கவைத்துக் கட்டினார். பிறகு சற்றுத் தள்ளி நின்று, தன் கையையே கீறிக்கொண்டார்! நர்சை ஏமாற்றியது தப்புதான். ஆனால் ஆபத்தை அவர் தலையில் கட்டவில்லை.

குழாயைப் பாதி தூரம் செலுத்தினார். நர்சின் கட்டை அவிழ்த்தார். இருவரும் எக்ஸ்ரே அறைக்குப் படியிறங்கினார்கள். அங்கே குழாயை 65 சென்டிமீட்டர் வரை தள்ளினார். அதன் நுனி இருதயத்தின் வலது மேல் அறையில் இருப்பது படத்தில் தெரிந்தது. வலது அறை! இடது அறைக்கு அவர் போகவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புகழ் வரவில்லை. பெர்லினில் கிடைத்த பெரிய ஆஸ்பத்திரி வேலையும் போயிற்று. சிறுநீரக நோய் டாக்டரானார். 1932-ல் நாஜிக் கட்சியில் சேர்ந்தார். அது அவர் வாழ்வில் கறை. போரில் ராணுவ டாக்டராக இருந்து, அமெரிக்கரிடம் கைதியானார். அவர் காட்டிய வழியில், அமெரிக்காவில் கூர்னாண், ரிச்சர்ட்ஸ் என்ற இரு டாக்டர்கள் இருதயத்தை ஆராய்ந்தார்கள். 1956-ல் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. போர்ஸ்மன் 1979-ல் காலமானார்.

இன்று, தாறுமாறாகத் துடிக்கும் இருதயத்தைச் சீராக்கவும் இத்தகைய குழாய்தான் உதவுகிறது. தொடை ரத்தக்குழாய் வழியே ஏறி, இருதயத்தின் நடுச்சுவரைத் துளைத்து, இடது அறைக்குப் போகிறது. கோளாறு கிளம்பும் இடத்தைச் சூட்டாலோ குளிராலோ செயலற்றதாக்குகிறது.

வலது அறையில் ரத்தம் உறைந்து கட்டியானால் அது நுரையீரலுக்குப் போகும். இடது அறையில் கட்டியானால் மூளைக்கே போய்விடலாம். இந்தச் சிகிச்சை பெற்ற சிலரின் மூளையில், ஸ்கேனில் மட்டுமே தெரியும் சிறு புள்ளிகள் காணப்பட்டன. வலியில்லை, வாய் குழறவில்லை. ஆனால் சிலருக்குச் சில வாரங்கள் ஞாபகம் மந்தமாகிறது. அவர்களில் பலருக்குப் பின்னர் சரியாகிவிடுகிறது. ஆபத்தைக் குறைக்க, ரத்தம் உறையாதிருக்க மருந்து கொடுக்கிறார்கள்.

அதற்காகச் சிகிச்சையே வேண்டாம் என்று ஓடவும் முடியாது. தாறுமாறான துடிப்பை அப்படியே விட்டால், அதுவும் நாளடைவில் ஞாபகத்தைக் கெடுக்கலாம். ஆகவே சிகிச்சைக்கு முன்னும் பின்னும் சில சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் செய்து, டாக்டர்கள் இதை ஆராய்ந்து வருகிறார்கள்.